பார்வையாளனின் பொறுப்பு

விளையாட்டைப் பற்றிச் சிந்திப்பது அறிவாளிகளின் வேலையன்று என்றோர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலக்கியத்தையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் சமுதாய நோக்கில் ஆராய முற்படும் நாம், கோடிக்கணக்கான மக்களின் ஓய்வு நேரத்தையும் உணர்ச்சியையும் ஆட்கொண்டிருக்கும் விளையாட்டரங்கைப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுகின்றோம். தொழிலாக ஆடப்படும் விளையாட்டிலோ உழைப்பு உண்டு, கூலி உண்டு, முதலாளி உண்டு, உழைப்பவனுடைய உடலின் தேய்வும் உண்டு. பிற தொழில்களிற் காணுதற்கரிய வேறொன்றும் அங்கே உண்டு. அந்த உழைப்பை இலட்சக்கணக்கானோர் கண்கொட்டாது பார்த்துக்கொண்டிருக்கின்றனர். சுரங்கத்தினுள் ஒருவன் கால் முறிந்து வீழ்வதை நாம் காண்பதில்லை. ஆடுகளத்தில் ஒருவன் வீழ்வதையோ மறுபடியும் மறுபடியும், காட்சியை மெதுவாக ஓடவிட்டுக் காட்டக் காண்கின்றோம். அவ்வாறு காண்பவனுக்கு ஏதேனும் பொறுப்பு உண்டா? இதுவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் தொழின்முறை உதைபந்தாட்டத்தைப் போலப் பொருத்தமான உதாரணம் வேறு கிடைப்பது அரிது. பெயர் ஒன்றாயினும் அது நாம் அறிந்த உதைபந்தாட்டமன்று. நீள்கோள வடிவான பந்தைக் கையிலேந்தி எதிரணியின் எல்லையை நோக்கி முன்னேறுவர். எதிர்ப்பவர் தம் உடலால் மோதி வீழ்த்துவர். மோதல் அங்கு தற்செயலாக நேரும் விபத்தன்று. ஆட்டத்தின் இலக்கணமே அதுதான். 1920ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரிலே தோன்றிய தேசிய உதைபந்தாட்ட லீக், இன்று 32 கழகங்களைக் கொண்ட மாபெரும் வாணிபமாக வளர்ந்துள்ளது. ஆடுவோரிற் பெரும்பான்மையினர் கறுப்பின இளைஞர்கள். கழகங்களின் உடைமையாளரோ ஏறக்குறைய அனைவரும் வெள்ளையரான பெருஞ் செல்வர்கள்.

அந்நாட்டு இரசிகர்கள் ஒவ்வொரு வாரமும் மூன்று பொருள்களைப் பற்றி ஓயாது விவாதிக்கின்றனர். யாருக்குக் காயம்? பயிற்றுநர் செய்த முடிவு சரியா? பந்தயத்தில் யார் பக்கம் பணம் வைப்பது? மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை மூன்றும் தனித்தனிப் பேச்சுக்களாகவே தோன்றும். சற்று ஊன்றி நோக்கின் மூன்றும் ஒரே வினாவின் மூன்று முகங்கள் என்பது விளங்கும். அந்த ஆட்டக்காரனின் உடல் யாருக்குரியது என்பதே அவ்வினா.

2013ஆம் ஆண்டு சனவரி 6ஆம் திகதி நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். வாஷிங்ரன் அணியின் தாக்குதலை நடத்துபவராக இருந்தவர் றொபேட் கிரிபின் என்ற இளைஞர். அப்பருவத்தின் மிகச் சிறந்த புதுமுகம் என்று போற்றப்பட்டவர். முந்திய மாதத்திலேயே அவருடைய முழங்காலிற் காயம் ஏற்பட்டிருந்தது. சியாற்றில் அணிக்கெதிரான அந்த ஆட்டத்தில் அவர் நொண்டி நொண்டி ஓடியதை அரங்கிலிருந்த அனைவருங் கண்டனர். அவர் தொடர்ந்து ஆட விரும்பினார். பயிற்றுநர் மைக் ஷனகனும் அனுமதித்தார். முடிவில் அவர் முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அதன் பின்னர் அவர் பல ஆண்டுகள் ஆடியபோதும், முதற் பருவத்தின் வேகமும் ஒளியும் அவருக்குத் திரும்பவேயில்லை.

இரசிகர்கள் இதனைப் பயிற்றுநரின் தவறென்றும், ஆட்டக்காரனின் பிடிவாதமென்றும் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். ஆனால் இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன், பல்லாயிரம் பேர் ஆர்ப்பரிக்கும் அரங்கிலே, தன் இடத்தை வேறொருவன் பற்றிக்கொள்ளக் காத்திருக்கும் நிலையிலே, “என்னால் முடியாது” என்று சொல்வது எத்துணைக் கடினம்! அந்த ஆர்ப்பரிப்பில் ஒரு குரல் நம்முடையதாக இருக்குமாயின், அம்முடிவிலும் ஒரு பங்கு நம்முடையதே. பயிற்றுநரும் ஆட்டக்காரனும் வெற்றிடத்தில் நின்று தீர்மானிப்பதில்லை. நாம் எதனை வீரம் என்று போற்றுகின்றோமோ, எதனைக் கோழைத்தனம் என்று இகழ்கின்றோமோ, அந்த மதிப்பீடுகளின் நடுவே நின்றே அவர்கள் தீர்மானிக்கின்றனர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். “அவர்கள் குழந்தைகளல்லர். ஆபத்தை அறிந்தே ஆட வருகின்றனர். அதற்குப் பெருந்தொகை ஊதியமும் பெறுகின்றனர். தாமாக உடன்பட்டவனுக்காக நாம் ஏன் இரங்கவேண்டும்?” இது எளிதிற் புறக்கணிக்கத் தக்க வாதமன்று. மனிதனின் சுதந்திரத்தை மதிப்பவர்கள் அவனுடைய உடன்பாட்டையும் மதிக்கவே வேண்டும். 2015ஆம் ஆண்டு கிறிஸ் போலன்ட் என்னும் இருபத்து நான்கு வயது ஆட்டக்காரர், ஒரேயொரு பருவம் ஆடியபின், மூளைக்கு நேரக்கூடிய கேட்டினை எண்ணித் தாமாகவே விலகினார். விலகுவதற்கு வழியுண்டு என்பதை அவர் காட்டினார் அல்லவா?

ஆம், காட்டினார். ஆயின் உடன்பாடு உடன்பாடாவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று அறிவு, மற்றையது மாற்று வழி. முதலாவதை நோக்குவோம். பிற்ஸ்பேர்க் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்ரர் 2002ஆம் ஆண்டு தமது ஐம்பதாவது வயதில் இறந்தார். இறுதிக் காலத்தில் நினைவு குழம்பி, சில வேளைகளிற் சொந்த வாகனத்தையே வீடாகக் கொண்டு அலைந்தவர் அவர். அவர் மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவிலிருந்து குடியேறிய பென்னற் ஒமாலு என்ற நோயியல் வைத்தியர். தலையில் மீண்டும் மீண்டும் படும் அடியால் விளையும் மூளைச் சிதைவு நோயை அவர் அங்கே கண்டார். 2005இல் அதனை ஆய்வேட்டில் வெளியிட்டார். லீக் செய்தது யாது? 1994இலேயே அது மூளையதிர்ச்சி பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்திருந்தது. அதற்குத் தலைவராக்கப்பட்டவர் மூட்டுவாத வைத்தியர் ஒருவர்! அக்குழுவைச் சேர்ந்தவர்கள் ஒமாலுவின் கட்டுரையை மீளப்பெற வேண்டுமென்று கோரினர். ஆட்டத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டென்று லீக்கின் உயர் அலுவலர் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016ஆம் ஆண்டிலேதான். அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்விலே, பரிசோதிக்கப்பட்ட முன்னாள் லீக் ஆட்டக்காரர் 111 பேரின் மூளைகளில் 110இல் அந்நோய் காணப்பட்டது. நோய்க்குறி கண்ட குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையைத் தானஞ் செய்வராதலின், எல்லா ஆட்டக்காரருக்கும் இந்த விகிதம் பொருந்துமென்று கொள்ளலாகாது. எனினும், ஆபத்தை அறிந்தே ஆடினார்கள் என்று வெப்ஸ்ரரின் தலைமுறையைப் பற்றிச் சொல்ல இனி எவருக்கும் வாய் எழாது. அறிந்துகொள்ளும் உரிமையே அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது நிபந்தனையும் அவ்வாறே. நட்சத்திரங்களின் சம்பளத்தைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடுகின்றன. சில பருவங்களே ஆடிவிட்டு மறைந்துபோகும் பெருந்தொகையினரைப் பற்றி அவை பேசுவதில்லை. அவர்களிற் பலருடைய ஒப்பந்தங்களில் முழு ஊதியத்துக்கும் உத்தரவாதமில்லை. காயமுற்றுத் திறன் குன்றியவனை அடுத்த பருவத்தில் நீக்கிவிடலாம். 2020ஆம் ஆண்டு, பருவத்துக்கு 16 ஆட்டங்கள் என்றிருந்ததை 17 ஆக்க வழிவகுத்த கூட்டு ஒப்பந்தத்தை ஆட்டக்காரரின் தொழிற்சங்கம் வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவாக 1019 வாக்குகள், எதிராக 959. அவ்வொப்பந்தம் குறைந்தபட்ச ஊதியத்தையும் உயர்த்தியது. குறுகிய காலமே ஆடக்கூடிய ஒருவன் தன் உடலுக்கு மேலும் ஓர் ஆட்டத்தின் மோதலை ஏற்றுக்கொண்டு அந்த உயர்வைத் தேர்ந்தெடுப்பானாயின், அதனைச் சுதந்திரமான தேர்வு என்பதா, தேவையின் நெருக்குதல் என்பதா? உலகெங்குந் தொழிலாளி இந்தத் தராசிலேதான் நிறுத்தப்படுகின்றான்.

நட்டஈட்டு வரலாறு இதனினும் கசப்பானது. ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கு, 2013இல் 76 கோடியே 50 இலட்சம் டொலர் என்ற இணக்கத்துக்கு வந்தது. அத்தொகை போதாதென்று நீதிபதி ஐயுற்றமையால் உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015இல் அது அங்கீகாரம் பெற்றது. ஆனால் அறிவாற்றல் இழப்பை அளக்கும் முறையில் ஒரு நஞ்சு கலந்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரரின் ஆற்றல் தொடக்கத்திலேயே தாழ்ந்தது என்று கொண்டு கணக்கிடும் முறை பயன்பட்டு வந்தது. அதாவது, ஒரே அளவு மூளைக் கேடுற்ற இருவருள் வெள்ளையருக்கு நட்டஈடு கிடைக்க, கறுப்பருக்கு மறுக்கப்படக்கூடும். கெவின் ஹென்றி, நஜே டேவன்போட் என்ற இரு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்த பின்னரே, 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இம்முறையைக் கைவிடுவதாக லீக் வாக்களித்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலும் அடிமைச் சந்தையின் கணக்கேடு முற்றாக மூடப்படவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இவ்வளவும் வெளிப்பட்ட பின்னர் விதிகள் திருந்தவில்லையா எனலாம். திருந்தின, ஆயின் விதியின் எழுத்துக்கும் அதன் நோக்கத்துக்கும் இடையே ஒரு பிளவு இருந்துகொண்டே வந்திருக்கின்றது. 2022 செப்ரெம்பர் 25ஆம் திகதி மயாமி அணியின் ரூவா ரகொவைலோவா தலை தரையில் மோத வீழ்ந்து, எழுந்து தள்ளாடினார். பரிசோதனைக்குப் பின் ஆட்டத்துக்குத் திரும்பினார். தள்ளாடியதற்கு முதுகுவலியே காரணமென்று கூறப்பட்டது. நான்கே நாட்களின் பின், 29ஆம் திகதி வியாழன் இரவு, சின்சினாற்றியில் மறுபடியும் ஆடினார், மறுபடியும் வீழ்ந்தார். விறைத்து முறுகிய அவருடைய விரல்களை உலகமே பார்த்தது. விசாரித்த லீக்கும் தொழிற்சங்கமும் விதிமுறை பின்பற்றப்பட்டது என்றும், ஆனால் விளைவு விதி கருதிய விளைவன்று என்றும் அறிவித்தன. பின்னர் விதி திருத்தப்பட்டது. ஒழுக்கவியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் சிந்திக்கவேண்டிய முடிவு இது. எல்லோரும் விதிப்படி நடந்தபோதும் ஒரு மனிதன் கெடுவானாயின், கெடுத்தவர் யார்? ஞாயிறு ஆடியவரை வியாழன் ஆடவைப்பது ஒளிபரப்பு வாணிபம். அந்த ஒளிபரப்பு விலைபோவது நாம் பார்க்கின்றோம் என்ற காரணத்தினால்.

இனிச் சூதாட்டத்துக்கு வருவோம். நெடுங்காலமாக லீக் சூதாட்டத்தின் பரம வைரியாகத் தன்னைக் காட்டிக்கொண்டது. 1963இல் பந்தயம் வைத்தமைக்காகப் போல் ஹோர்னங், அலெக்ஸ் கராஸ் என்ற இரு முன்னணி ஆட்டக்காரர் ஒரு பருவம் முழுவதும் விலக்கப்பட்டனர். 2015இலே கூட, ரொனி ரோமோ என்ற ஆட்டக்காரர் தொடர்புற்றிருந்த ஓர் இரசிகர் கூட்டம் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதியொன்றைச் சார்ந்த மண்டபத்தில் நடைபெறவிருந்த காரணத்தால், லீக்கின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2018 மே 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிராக 1992இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. அதன்பின் அறம் எத்துணை விரைவாக உருமாறியது! 2020இல் லாஸ் வேகஸுக்கே ஓர் அணி குடிபெயர்ந்தது. 2021இல் மூன்று பந்தய நிறுவனங்கள் லீக்கின் அதிகாரபூர்வமான பங்காளிகளாயின. 2024 பெப்ரவரியில் இறுதிப் பேராட்டமே அந்நகரில் நடந்தேறியது. பாவம் என்று விலக்கப்பட்டது, வருமானம் என்று ஏற்கப்பட்டது.

இதே காலத்தில், மனநலங் கருதி அணியிலிருந்து விலகியிருந்த கல்வின் ரிட்லி என்ற அற்லாந்தா ஆட்டக்காரர், லீக் ஆட்டங்களின்மீது பந்தயம் வைத்தமைக்காக 2022ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் விலக்கப்பட்டார். தாம் வைத்தது 1500 டொலர் என்றார் அவர்; இழந்ததோ ஒரு பருவத்தின் முழு ஊதியம். இதனை வெறும் பாசாங்கு என்று பல இரசிகர் கூறினர். நாம் நியாயமாகப் பேசுவோம்: ஆடுபவனே பந்தயம் வைப்பதைத் தடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு, இல்லையேல் ஆட்டத்தின் முடிவில் எவருக்கும் நம்பிக்கை இராது. எனவே குற்றம் அந்தத் தடையிலில்லை. சூதின் தீமையை லீக் தன் பண்டத்தின் நம்பகத் தன்மைக்கு நேரும் தீமையாக மட்டுமே கண்டதிலேதான் குற்றம் இருக்கின்றது. சம்பள நாளில் வீட்டுச் செலவுக்கான பணத்தைக் கைபேசியின் வழியே இழந்துவிட்டு நிற்கும் இரசிகனின் குடும்பத்துக்கு நேரும் தீமை அந்தக் கணக்கிற் சேர்வதில்லை. அது வருமானப் பக்கத்திலேயே எழுதப்படுகின்றது.

காயத்துக்கும் சூதுக்குமுள்ள உறவு புதியதன்று. 1946ஆம் ஆண்டு இறுதியாட்டத்தை முன்னிட்டு நியூ யோர்க் அணியின் இருவருக்குக் கையூட்டுத் தர முயன்ற விவகாரம் வெளியாயிற்று. அதன் பின்னரே லீக்கின் அந்நாளைய ஆணையாளர் பேட் பெல், காயமுற்றோர் பட்டியலைக் கழகங்கள் முன்கூட்டியே வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். உள்ளிரகசியம் அறிந்த சூதாடி பயன்பெறக் கூடாதென்பதே அதன் நோக்கம். இன்றும் வாரந்தோறும் அப்பட்டியல் வெளியாகின்றது. ஆடுவது ஐயம், ஆடுவது அரிது, ஆடமாட்டார் என்ற மூவகையில் மனிதர் வகுக்கப்படுகின்றனர். ஒருவனுடைய கணுக்காலின் வீக்கம் நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடைப்பட்ட செய்தியாக இராது சந்தைச் செய்தியாகிவிடுகின்றது. நெல்லின் விலையும் இறப்பரின் விலையும் ஏறி இறங்குவது போல, அந்த வீக்கத்துக்கேற்பப் பந்தய விலையும் ஏறி இறங்குகின்றது.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். மகாபாரதத்துச் சூதாட்டத்தின் கொடுமை தருமன் தன் செல்வத்தை இழந்ததில் இல்லை. தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்தான். தனக்குரியதல்லாத உடல்களைப் பணயம் வைத்தான். அங்கேதான் விளையாட்டு அதர்மமாயிற்று. வள்ளுவரும் சூதினை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் வைத்தார். சூது தனியொருவனின் ஒழுக்கக் குறை மாத்திரமன்று, நாட்டின் பொருளியலையும் உடல்நலத்தையும் தொட்ட விடயம் என்று இவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்வது பிழையாகாது.

ஆயின் எல்லாக் கொடுமைக்கும் பந்தயமே காரணமென்று முடிப்பது மேம்போக்கான ஆய்வாகும். 1999ஆம் ஆண்டு பிலடெல்பியா அரங்கிலே எதிரணியின் மைக்கல் இர்வின் கழுத்திற் காயமுற்று அசைவற்றுக் கிடந்தபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் ஆரவாரித்தனர். 2012 ஒக்ரோபரில் கன்சாஸ் நகர் இரசிகர் சிலர், ஆட்டத்திற் சோபிக்கவில்லை என்பதற்காகத் தம் சொந்த அணியின் மற் கசல் மயங்கி வீழ்ந்ததையே கொண்டாடினர். அவரோடு ஆடிய எறிக் வின்ஸ்ரன் ஆட்டம் முடிந்ததும் செய்தியாளர்முன் நின்று, தாம் உரோமாபுரி அரங்கின் அடிமை வீரரல்லர் என்ற கருத்துப்பட அந்த இரசிகரைக் கண்டித்தார். அவ்விரு நிகழ்ச்சிகளும் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முற்பட்டவை. கட்டணங் கொடுத்து வாங்கிய பண்டம் பழுதாயின் சினப்பதைப் போல, மனிதன் பழுதாயினும் சினக்கின்ற மனமே இங்கு வேர். பந்தயம் அந்த வேருக்கு நீர் ஊற்றுகின்றது. வீழ்ந்தவனைக் கண்டு சினக்கவோ மகிழவோ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பணக் காரணத்தைக் கொண்டுவந்து வைக்கின்றது.

அப்படியாயின் இரசிகன் திருந்தாத மிருகமா? அல்லன். 2023 சனவரி 2ஆம் திகதி பவலோ அணியின் டமார் ஹம்லின் மோதலின் பின் இதயத் துடிப்பு நின்று களத்தில் வீழ்ந்தார். அங்கேயே அவருடைய இதயத்தை மீள இயக்கப் போராடினர். இரு அணியினரும் முழந்தாளிட்டு அழுதனர். மேற்கொண்டு ஆட மனமின்றி நின்றனர். ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஏழைக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் வழங்க அவர் முன்பு 2500 டொலரை இலக்காகக் கொண்டு தொடங்கியிருந்த நிதிக்கு, முன்பின் அறியாத மக்கள் 80 இலட்சம் டொலருக்கு மேல் அள்ளி வழங்கினர். ஒரு வாரம் முழுவதும் வெற்றி தோல்வியை மறந்து, ஒரு மனிதனின் மூச்சுக்காக ஒரு நாடு காத்திருந்தது. வாணிபம் மூடிவைத்த மனிதத் தன்மை அழிந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று. ஆனால் மரணம் கண்முன் வந்து நின்றாலன்றி அது விழிப்பதில்லை என்பதும், மெல்ல மெல்லச் சிதையும் மூளைக்காக எந்த ஆட்டமும் நிறுத்தப்படுவதில்லை என்பதும் அதே நிகழ்ச்சி உணர்த்தும் உண்மைகளாம்.

“நான் ஒருவன் பார்க்காமல் விடுவதால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்கலாம். தனியொருவனின் துறவு வரலாற்றை மாற்றாது என்பது மெய்யே. அவன் கூட்டத்தில் ஒருவனாக நின்று கொடுக்கும் நெருக்குதலோ பயனற்றதன்று. 1905ஆம் ஆண்டு இவ்வாட்டத்தில் இறந்தோர் பதினெட்டு, பத்தொன்பது பேர் என்று பத்திரிகைகள் எழுதின. மக்களின் கண்டனம் எழுந்தது. சனாதிபதி ரூஸ்வெல்ற் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே பந்தை முன்னோக்கி எறியும் முறை அனுமதிக்கப்பட்டு ஆட்டத்தின் உருவமே மாறியது. “ஆட்டமென்றால் அப்படித்தான்” என்பவர்க்கு இவ்வரலாறே விடை. விதிகள் இயற்கை நியதிகளல்ல. மனிதர் வகுத்தவை, மனிதரால் மாற்றத் தக்கவை.

எதிர்மறையான பாடமும் உண்டு. 1987இல் தாம் விரும்பிய கழகத்துக்கு மாறும் உரிமை கோரி ஆட்டக்காரர் வேலைநிறுத்தஞ் செய்தபோது, முதலாளிகள் மாற்று ஆட்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தினர். அரங்குகளிற் பல வெறிச்சோடின, ஆயினும் ஆயிரக்கணக்கானோர் சீட்டு வாங்கி உள்ளே சென்றனர், தொலைக்காட்சியும் ஒளிபரப்பியது. 24 நாட்களில் வேலைநிறுத்தம் முறிந்தது. அவ்வுரிமையை ஆட்டக்காரர் நீதிமன்றங்களின் வழியே பெற 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று சீட்டு வாங்கியவன் தன்னை நடுநிலையாளன் என்றே எண்ணியிருப்பான். மறியல் வரிசையைக் கடந்து செல்பவனுக்கு நடுநிலை ஏது?

கழகம் முதலாளியின் சொத்தாகவே இருந்தாக வேண்டுமென்பதும் நியதியன்று. விஸ்கொன்சின் மாநிலத்துச் சிறு நகரான கிறீன் பேயின் கழகம் 1923 முதல் பொதுமக்கள் பங்குதாரராக உள்ள நிறுவனம். இன்று ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன் பங்குதாரர். ஒருவருக்கும் இலாபப் பங்கு இல்லை. வேறெந்தக் கழகமும் இவ்வழியைப் பின்பற்றாதவாறு லீக்கின் விதிகள் இன்று தடுக்கின்றன. அந்தக் கழகத்திலும் மூளைகள் மோதத்தான் செய்கின்றன. உடைமை முறை மாறிய மாத்திரத்தில் எலும்பு முறியாதிருக்கப் போவதில்லை. எனினும் கேள்வி கேட்கும் உரிமை யாருக்குண்டு என்பதை உடைமையே பெரிதும் தீர்மானிக்கின்றது.

பார்வையாளனின் பொறுப்பு யாதென்ற வினாவுக்கு இனி விடை கூறலாம். ஆட்டத்தை வெறுப்பது அவன் கடமையன்று. பலர் ஒருமித்து இயங்கும் அழகையும், நுண்ணறிவையும், உடலாற்றலின் உச்சத்தையும் போற்றும் இரசனை மனிதனுக்குரிய நல்ல இரசனையே. காயப் பட்டியலை வாசிக்கும்போது அதனை ஒரு தொழிலிடத்து விபத்தறிக்கையாக வாசிப்பது அவன் கடமை. நொண்டுபவனை ஆடவைத்த பயிற்றுநரை, ஆட்டம் வென்றாலும் கண்டிப்பது அவன் கடமை. தன் மகிழ்ச்சியைப் பிறனுடைய உடலின்மீது வைத்த பணயமாக மாற்றும் வாணிபத்துக்குத் தன் பணத்தையும் மனத்தையும் கொடாதிருப்பது அவன் கடமை. ஆடுபவர் தம் உரிமைக்காக எழும் நாளிலே அரங்கின் வாயிலுக்கு வெளியே அவரோடு நிற்பது எல்லாவற்றிலும் பெரிய கடமை. மேடையிற் பாடுபவனுக்கும், ஆலையில் நெய்பவனுக்கும், களத்தில் ஓடுபவனுக்கும் உழைப்பு ஒன்றே. அவ்வுழைப்பின் பயனை நுகர்பவன் உழைத்தவனின் உடலுக்குக் கடன்பட்டவன். அந்தக் கடனைச் சீட்டின் விலையோடு தீர்த்துவிட்டோம் என்று எண்ணுகின்ற வரையில், அரங்கிலே எத்துணை ஆயிரம் பேர் கூடினும் அது சந்தையே, சமுதாயமாகாது.